கண்ணாடிக்குள் ஒரு கடல்: முருகைத் தொட்டிக்குச் சுண்ணாம்பளந்த வரலாறு

முருகைக்கல் என ஈழத்துக் கரையோர மக்கள் வழங்கும் பொருள் வெறுங் கல்லன்று. உயிர் கட்டிய கல்லாகும். மென்மையான உடலையுடைய சிற்றுயிர்கள் கடல்நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் பிரித்தெடுத்துத் தம் உடலின் கீழே படியவைக்கும் சுண்ணாம்புக் கூடே அது. கூட்டின்மேற் கூடாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்தபின் அதுவே முருகைக்கற்பார் எனப் பெயர் பெறுகின்றது. எல்லையற்ற கடலில் வாழும் இவ்வுயிர்க்கு வேண்டிய சுண்ணாம்பை யாரும் அளந்து கொடுப்பதில்லை. அலையொன்று கொண்டு செல்வதை மற்றோர் அலை கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றது.

ஆனால், அதே உயிரை ஒரு வீட்டின் கூடத்தில், இருநூறு இலீற்றர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்றில் வைத்து வளர்க்க முற்படும்போது நிலைமை முற்றிலும் வேறாகின்றது. அங்கே கடல் முடிவுள்ளது. உயிர் எடுத்த ஒவ்வொரு மில்லிகிராம் சுண்ணாம்பையும் வளர்ப்பவர் திருப்பிச் செலுத்த வேண்டும். எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு செலுத்துவது, எவ்வுருவிற் செலுத்துவது என்னும் மூன்று வினாக்களுக்கும் நாள்தோறும் விடை காண வேண்டியுள்ளது. இன்று முருகைத் தொட்டி வைத்திருப்போர் அளவைக் குழாயும் கணக்கேடும் இன்றி இயங்குவதில்லை.

இக்கணக்கு எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செயற்கைக் கடல்நீர் தயாரிப்பதற்கென முதன்முதல் நூலேறிப் பலரறிய வழங்கிய செய்முறையிலே சுண்ணாம்பு வேண்டாதது எனத் தள்ளப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் அதே சுண்ணாம்பு கணக்கேட்டின் முதல் வரியில் வந்தமர்ந்தது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலத்து வரலாறு, ஒரு பொழுதுபோக்கின் வரலாறு மட்டுமன்று. இயற்கையின் சமநிலை பற்றி மனிதன் கொண்டிருந்த நம்பிக்கையொன்று அளவீட்டினால் திருத்தப்பட்ட வரலாறுமாகும்.

சமநிலை என்னும் கருத்து

கடலுயிர்களை உள்நாட்டில் வைத்துப் பேணும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. 1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் பெருமாட்டி ரோக்கீ கடற்கரையில் எடுத்த கல்முருகை உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று கண்ணாடிக் கலங்களில் வளர்த்தார். நீருக்கு வளியூட்டுவதற்கு அவர் கையாண்ட வழி எளிமையானது: பணிப்பெண் ஒருத்தி நாள்தோறும் திறந்த யன்னலருகே நின்று நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாறிமாறி ஊற்றினாள். அடுத்த ஆண்டில் அவர் கடற்பாசிகளையும் கலத்திற் சேர்த்தார். முருகைகள் மூன்றாண்டு காலம் வாழ்ந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் இரசாயன அறிஞரான றொபேட் வாரிங்டன், பொன்மீன்களையும் நத்தைகளையும் நீர்த்தாவரத்தையும் ஒரே கலத்தில் வைத்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். விலங்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தாவரம் ஏற்கின்றது. தாவரம் வெளிவிடும் ஒட்சிசனை விலங்கு சுவாசிக்கின்றது. அழுகுவதை நத்தை உண்கின்றது. ஆகவே நீரை மாற்றாமலே கலம் நிலைபெறும் என்பது அவர் காட்டிய உண்மை. 1852ஆம் ஆண்டில் அவர் இம்முறையைக் கடல்நீருக்கும் விரித்தார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் பூங்காவில் நீர்வாழுயிர்க் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. நடுத்தர வகுப்பாரின் இல்லங்களிற் கண்ணாடித் தொட்டி ஓர் அலங்காரப் பொருளாயிற்று.

வாரிங்டனின் கணக்கு சரியானதே. ஆயினும் அது வாயுக்களின் கணக்கு மட்டுமே. சுவாசத்தின் வரவும் செலவும் அதில் இருந்தன. எலும்பும் ஓடும் கூடும் கட்டுவதற்கு ஆகும் செலவு அதில் எழுதப்படவில்லை. சமநிலை என்ற சொல் பெற்ற செல்வாக்கின் கீழ், எழுதப்படாத இப்பகுதி நெடுங்காலம் கண்ணிற்படாமற் போயிற்று.

தள்ளப்பட்ட சுண்ணாம்பு

கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்ந்தோர்க்குக் கடல்நீர் பெறுவது செலவுமிக்க காரியமாக இருந்தது. இதற்குத் தீர்வாகவே பிலிப் ஹென்றி கொஸ் 1854ஆம் ஆண்டில் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையொன்றை வெளியிட்டார். ஆங்கிலக் கால்வாயின் நீரைச் சுவைற்சர் என்பார் பகுத்தாய்ந்து கண்ட அளவுகளே அவருக்கு அடிப்படையாயின. சாதாரண உப்பு 3½ அவுன்சு, எப்சம் உப்பு ¼ அவுன்சு, மகனீசியங் குளோரைட்டு 200 கிரெயின், பொற்றாசியங் குளோரைட்டு 40 கிரெயின் ஆகியவற்றை நான்கு குவாட்டுக்குச் சற்றுக் குறைந்த நன்னீரில் கரைக்க வேண்டும் என்பது அவரது செய்முறை.

இப்பட்டியலில் இல்லாதவையே இங்கு நோக்கற்பாலன. சுவைற்சரின் பகுப்பாய்வில் ஆயிரம் பங்கு கடல்நீரில் ஏறத்தாழ 1.4 பங்கு கல்சியஞ் சல்பேற்றும், மிகச் சிறிதளவு கல்சியங் காபனேற்றும் குறிக்கப்பட்டிருந்தன. கொஸ் இவ்விரண்டையும் விலக்கினார். முன்னது நீரில் எளிதிற் கரையாதது என்பதும், பின்னது மிகச் சிறிய அளவினது என்பதும், சிப்பித் துண்டுகளிலிருந்தும் முருகைத் துண்டுகளிலிருந்தும் வேண்டியது கிடைக்கும் என்பதும் அவர் கூறிய காரணங்களாகும்.

இத்தீர்மானத்தை இன்றைய அறிவைக்கொண்டு பழிப்பது முறையாகாது. கொஸ் வளர்த்தவை கடற்சாமந்திகள், புழுக்கள், சிறு நண்டுகள் போன்றவை. அவற்றுட் பலவற்றுக்குச் சுண்ணாம்புக் கூடு இல்லை. கூடுடையனவும் மெதுவாக வளர்வன. இலண்டன் நகரத்து நீர் இயல்பாகவே சுண்ணாம்பு மிக்க வன்னீராகும். எனவே அவரது நீரில் உயிர்கள் வாழ்ந்தன. செய்முறை வெற்றி பெற்றது. ஆயினும் அவர் கூறிய மூன்றாவது காரணம் மட்டும் பின்வந்தோரை நீண்டகாலம் திசைதிருப்பியது. கடல்நீரின் மேற்பரப்புப் படைகள் ஏற்கெனவே கல்சியங் காபனேற்றை நிறைநிலைக்கு மேலாகவே கொண்டுள்ளன. அத்தகைய நீரிற் சிப்பியும் முருகைத் துண்டும் தாமாகக் கரைவதில்லை. தொட்டியின் அடியில் முருகை மணலைப் பரப்பிவிட்டால் சுண்ணாம்புக் குறை தீரும் என நம்பியோர், பூட்டிய பேழையைப் பார்த்துச் செல்வமுண்டென மகிழ்ந்தோரை ஒத்தனர்.

மாறா விகிதமும் அதன் மயக்கமும்

கடல்நீர் பற்றிய இரசாயன அறிவு இதே நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருவளர்ச்சி கண்டது. டென்மார்க்கு நாட்டவரான போர்ச்காமர் 1865ஆம் ஆண்டில் உலகின் பல கடல்களின் நீரையும் ஒப்பிட்டு, உப்பின் மொத்த அளவு இடத்துக்கிடம் மாறினும் முதன்மை உப்புக்களுக்கிடையிலான விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை எனக் காட்டினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலெஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்தாய்ந்த வில்லியம் டிட்மார், 1884ஆம் ஆண்டில் இம்முடிவை உறுதிப்படுத்தினார். கடலியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இது இன்றும் நிலவுகின்றது.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனுள் கல்சியம் ஏறத்தாழ 410 மில்லிகிராம். மகனீசியம் ஏறத்தாழ 1290 மில்லிகிராம். விகிதம் மாறாதெனின் மொத்த உப்பை அளந்தாலே போதும். மற்றவை தாமே தெரிந்துவிடும். ஆகவே மீன்தொட்டி வளர்த்தோர் நீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியொன்றை வைத்துக்கொண்டு மனநிறைவடைந்தனர். 1940ஆம் ஆண்டில் லைமன், பிளெமிங் என்போர் வெளியிட்ட செயற்கைக் கடல்நீர்ச் செய்முறையில் கல்சியங் குளோரைட்டு உரிய இடத்தைப் பெற்றிருந்தது. எனினும் அது நீரைத் தொடக்கத்திற் சரியாகத் தயாரிப்பதற்கான செய்முறையே; தயாரித்த நீரிலிருந்து உயிர்கள் எதை எடுக்கின்றன என்பதற்கான கணக்கன்று.

விகிதம் மாறாது என்பது கடலுக்குரிய விதி. அளவிறந்த நீர்த்தொகுதி ஓயாது கலக்கப்படுவதால் விளைவது அது. கண்ணாடித் தொட்டிக்கு அவ்விதி பொருந்தாது. அங்கு முருகையுயிர் கல்சியத்தை எடுக்கும், சோடியத்தைத் தொடாது. மிதவைக் கருவி காட்டும் அளவு அப்படியே இருக்க, அதனுள்ளே விகிதம் குலைந்துகொண்டிருக்கும். கடலின் உண்மையைக் கலத்தின் உண்மையாகக் கொண்டதே இக்காலப் பகுதியின் மயக்கமெனலாம்.

இம்மயக்கம் நீங்காத காலத்தில் முருகைகளை நீடித்து வளர்த்தவர்கள் கடலருகே வாழ்ந்தவர்களே. நியூ கலிடோனியாவின் நுமேயா நகரில் றெனே கற்றலா 1956ஆம் ஆண்டில் திறந்த காட்சிக்கூடம் உயிர் முருகைகளுக்குப் புகழ்பெற்றது. அங்கே இயற்கைக் கடல்நீர் இடையறாது தொட்டிகளினூடே ஓடிக்கொண்டிருந்தது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், உயிர்கள் ஒட்டி வாழும் கற்களையும், காற்றுக்குமிழியையும், சூரிய ஒளியையும் மட்டும் கொண்டு தொட்டி அமைக்கும் முறையை 1961ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அவருக்கும் கடல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கடலே கணக்கை ஈடுசெய்தமையாற் கணக்கெழுத வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

ஒளியும் சுண்ணாம்பும்

முருகையுயிர் எவ்வளவு சுண்ணாம்பை எடுக்கின்றது என்னும் வினாவுக்கு விடை ஆய்வாளரிடமிருந்தே முதலில் வந்தது. ஒளியில் முருகைகள் கூடுதலாகக் கல்சியத்தைப் படியவைக்கின்றன என்பதை 1948ஆம் ஆண்டில் கவகுட்டி, சக்குமோட்டோ ஆகிய யப்பானிய அறிஞர் காட்டினர். 1959ஆம் ஆண்டில் தோமஸ் கொறோ, யமெய்க்காவின் முருகைகளுக்குக் கதிர்வீசுங் கல்சியத்தைக் கொடுத்து, கூட்டிற் படியும் வேகத்தை நேரடியாக அளந்தார். முருகையின் இழையங்களுள் வாழும் நுண்பாசிகள் ஒளியைப் பெறும்போது கூடு கட்டும் வேகம் இருளில் உள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு உயர்வது தெளிவாயிற்று.

இதன் விளைவு எதிர்பாராதது. ஒளி குறைந்த பழைய தொட்டிகளில் முருகைகள் ஒளியின்மையால் மெலிந்தன. சுண்ணாம்புக் குறை அங்கே மறைந்திருந்தது. வலிமையான விளக்குகள் வந்தபின் முருகைகள் உண்மையாக வளரத் தொடங்கின. வளரத் தொடங்கியதும் நீரிலிருந்த சுண்ணாம்பு விரைவிற் குறைந்தது. முன்னைய தடையொன்று நீங்கியபோதே அடுத்த தடை கண்ணுக்குத் தெரிந்தது.

இத்தடையை வீட்டுத் தொட்டியிற் கடந்த முன்னோடி சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் வில்கென்ஸ் ஆவார். 1973ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் வெளிவந்த அவரது நூல் வெப்பவலயக் கடலின் முள்ளந்தண்டற்ற உயிர்களை வளர்ப்பது பற்றியது. நாள்தோறும் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக வெறும் நன்னீருக்குப் பதில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றும் வழக்கத்தைப் பரப்பியவர் அவரே. நீறிய சுண்ணாம்பை நீரிற் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் சொட்டுச்சொட்டாகச் சேர்ப்பதே அம்முறை. கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டியிற் சுண்ணாம்பு பூசும் வழக்கத்தை அறிந்த ஈழத்து வாசகர்க்கு இப்பொருள் புதிதன்று. பேர்லினில் டீற்றிச் ஸ்ரூபர் போன்றோர் உயிர்க்கற்கள், நுரை பிரிக்கும் கருவி, வலிமையான விளக்கு, சுண்ணாம்பு நீர் ஆகியவற்றை ஒன்றிணைத்து, கிளைவிடும் கல்முருகைகளைத் துண்டு வைத்துப் பெருக்கும் அளவுக்கு முன்னேறினர். இது பேர்லின் முறை எனப் பெயர் பெற்றது.

கணக்கின் அமைப்பு

கணக்கின் அடித்தளம் ஓர் எளிய உண்மையாகும். கல்சியங் காபனேற்றிற் கல்சியமும் காபனேற்றும் மாறா விகிதத்தில் உள்ளன. முருகை 40 மில்லிகிராம் கல்சியத்தை எடுக்குமாயின் அதனோடு 60 மில்லிகிராம் காபனேற்றையும் எடுத்தே தீரும். காபனேற்றின் இழப்பு நீரின் காரத்தன்மை குறைவதாக வெளிப்படுகின்றது. காரத்தன்மை இலீற்றருக்கு ஒரு மில்லிச்சமவலு குறையும்போது கல்சியம் இலீற்றருக்கு 20 மில்லிகிராம் குறைகின்றது. ஜேர்மனியர் இதே காரத்தன்மையை வன்மைப் பாகையாற் குறிப்பர். ஒரு மில்லிச்சமவலு 2.8 பாகையாகும். ஒரு பாகை என்பது இலீற்றருக்கு 10 மில்லிகிராம் சுட்ட சுண்ணாம்புக்குச் சமன் என வரையறுக்கப்பட்டிருந்தமையால், அளவுகோலே சுண்ணாம்பாற் செய்யப்பட்டது எனலாம்.

இரண்டும் ஒருங்கே குறைவதால் ஒன்றை அளந்தாற் போதும். எதை அளப்பது என்பதிலேயே அனுபவத்தின் நுட்பம் உள்ளது. காரத்தன்மை 2.5 மில்லிச்சமவலு அளவில் உள்ள நீரில் அரை மில்லிச்சமவலு குறைவது ஐந்திலொரு பங்கு இழப்பாகும். எளிய சோதனையும் அதைக் காட்டிவிடும். அதே வேளையிற் கல்சியம் 410 மில்லிகிராமிலிருந்து 400 ஆகவே குறைந்திருக்கும். வீட்டுச் சோதனைப் பொருள்களின் பிழை அவ்வளவினதாக இருக்கக்கூடும். கல்சியத்தை மட்டும் சோதித்து நலமென்றிருந்தவர்களின் முருகைகள் காரத்தன்மைக் குறைவால் வாடியமைக்குக் காரணம் இதுவே.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். வெளி அளவுப்படி 200 இலீற்றர் கொள்ளும் தொட்டியொன்றிற் கல்லும் மணலும் பிடித்த இடம் போக 160 இலீற்றர் நீர் உள்ளது எனக் கொள்வோம். எதுவும் சேர்க்காது இரண்டு நாள் விட்டபோது காரத்தன்மை 3.0 மில்லிச்சமவலுவிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. நாளொன்றுக்கு இலீற்றருக்கு 0.25, தொட்டி முழுவதற்கும் 160 மடங்கு, அதாவது 40 மில்லிச்சமவலு. அதற்கிணையான கல்சியம் 800 மில்லிகிராம். முருகைகள் அன்றாடம் 2 கிராம் கல்லைக் கட்டுகின்றன என்பதே இதன் பொருள்.

இக்குறையை நிரப்ப 1.5 கிராம் நீறிய சுண்ணாம்பு வேண்டும். அறை வெப்பத்தில் ஓர் இலீற்றர் நீர் ஏறத்தாழ 1.6 கிராம் சுண்ணாம்பையே கரைக்கும். எனவே ஏறத்தாழ ஓர் இலீற்றர் தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு நாளைக்கு ஈடாகும். கல்சியமும் காரத்தன்மையும் எடுக்கப்பட்ட அதே விகிதத்தில் திரும்பிச் சேர்வதும், வேறெந்த உப்பும் எஞ்சாமையும் இம்முறையின் சிறப்புக்கள். ஆயினும் ஒரு நாளில் ஆவியாகும் நீரின் அளவுக்கு மேல் இதனை ஊற்ற இயலாது. ஊற்றினால் நீரின் உப்பு ஐதாகிவிடும். முருகைகள் பெருத்து அவற்றின் தேவை அவ்வெல்லையைக் கடக்கும்போது வேறு வழி தேட வேண்டும். மேலும் இந்நீர் கடுங்காரமானது. பீஎச் பெறுமானம் 12இற்கு மேற்பட்டது. ஒரே தடவையிற் கொட்டினால் உயிர்களைக் கொல்லும்.

மாற்றுவழி இரு கரைசல்களைத் தனித்தனியே சேர்ப்பதாகும். மேற்கூறிய தொட்டிக்கு நாளொன்றுக்குச் சோடியம் இருகாபனேற்று 3.4 கிராமும், நீரேறிய கல்சியங் குளோரைட்டு 2.9 கிராமும் வேண்டும். இரண்டையும் ஒரே புட்டியிற் கலந்தால் அங்கேயே சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஆதலால் தனிப் புட்டி, தனி நேரம் என்பது விதி.

மிச்சமும் மிகையும்

இவ்வழியில் எஞ்சும் மிச்சமே வரலாற்றின் அடுத்த படிக்குக் காரணமாயிற்று. முருகை கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்தபின் சோடியமும் குளோரைட்டும் நீரில் நிற்கும். உதாரணத் தொட்டியில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.3 கிராம் சாதாரண உப்பாகும். அற்பமெனத் தோன்றும் இத்தொகை ஓராண்டில் 850 கிராமைத் தாண்டும். தொட்டியிலுள்ள மொத்த உப்போ ஏறத்தாழ 5.6 கிலோகிராம் மட்டுமே. உப்பளவு உயராதிருக்க வளர்ப்பவர் நீரை எடுத்து நன்னீர் ஊற்றுவார். அதனுடன் மகனீசியமும் பொற்றாசியமும் சல்பேற்றும் வெளியேறும். கொஸ் சேர்க்க மறவாத பொருள்கள் இப்போது கணக்கின்றிக் குறையும்.

ஜேர்மனியரான ஹான்ஸ் வேணர் பாலிங் 1990களில் இதற்குத் தீர்வு கண்டார். சாதாரண உப்பை நீக்கிய கடலுப்புக் கலவையொன்றை மூன்றாவது கரைசலாகச் சேர்த்தால், எஞ்சும் உப்பும் அக்கலவையும் கூடி முழுமையான கடல்நீராகிவிடும் என்பது அவரது கருத்து. டிட்மார் நிறுவிய மாறா விகிதம் இங்கே மீண்டும் உயிர் பெற்றது. இயல்பாக நிலவுவதாக நம்பப்பட்ட விகிதம் இப்போது முயன்று காக்கப்படும் விகிதமாயிற்று. இதே காலத்தில் மூடிய குழாயொன்றினுள் முருகைச் சல்லியை இட்டு, காபனீரொட்சைட்டைச் செலுத்திக் கரைக்கும் கருவியும் ஜேர்மனியிலிருந்து பரவியது. முருகைத் துண்டு சுண்ணாம்பைக் கொடுக்கும் என்ற கொஸ்ஸின் எதிர்பார்ப்பு, அமிலத்தின் துணையுடன் நூற்றுநாற்பது ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. 2000களில் இரசாயன அறிஞரான ராண்டி ஹோம்ஸ் பார்லி போன்றோர் கடைச்சரக்காகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கரைசல் தயாரிக்கும் கணக்கை எல்லோர்க்கும் எளிதாக்கினர்.

குறைக்கு அஞ்சியோர் மிகையிலும் வீழ்ந்தனர். உதாரணத் தொட்டியின் நீரை 160 எனக் கொள்ளாது 200 இலீற்றர் எனக் கொண்டவர் நாள்தோறும் நாலிலொரு பங்கு கூடுதலாகச் சேர்ப்பார். ஒரு மாதத்தில் காரத்தன்மை இலீற்றருக்கு ஏறத்தாழ 1.9 மில்லிச்சமவலு மிகையாகும். அப்போது சுண்ணாம்பு உயிரின் கூட்டிற் படியாது குழாயிலும் வெப்பமூட்டியிலும் கண்ணாடியிலும் படியத் தொடங்கும்; மென்மேலும் சேர்க்கச் சேர்க்க மென்மேலும் படியும். நீரிலுள்ள மகனீசியமே இப்படிவை இயல்பாகத் தடுத்து நிற்பது. ஆதலால் அதன் அளவு குறைந்த தொட்டியில் எவ்வளவு சுண்ணாம்பு சேர்த்தும் பயனில்லை. ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் உயர்த்தலாகாது என்னும் வழக்கும், அளந்தறியாத பொருளைச் சேர்க்கலாகாது என்னும் வழக்கும் இத்தகைய இழப்புக்களின் வழியே நிலைபெற்றவை.

சூளையும் தொட்டியும்

இக்கணக்கை ஈழத்திலிருந்து நோக்கும்போது மற்றொரு பொருளும் புலனாகின்றது. மேனாட்டுத் தொட்டிகளை அணிசெய்த கடல்மீன்களிற் பல இத்தீவின் கடல்களிலிருந்து சென்றவை. சுழியோடியான ரொட்னி ஜொங்க்ளாஸ் அவ்வேற்றுமதியின் முன்னோடிகளுள் ஒருவர். அதே காலத்தில் தென்மேற்குக் கரையில், அக்குறலை, இக்கடுவை முதலிய பகுதிகளில் முருகைக்கல் அகழப்பட்டுச் சூளைகளிற் சுண்ணாம்பாகச் சுடப்பட்டது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கரையோர வலயத்தில் தடைசெய்த பின்னரும் இத்தொழில் உடனே ஒழிந்துவிடவில்லை. அதனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவாகும்.

ஓரிடத்தில் முருகையைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். மற்றோரிடத்திற் சுண்ணாம்பைக் கரைத்து முருகையாக்கினர். இரண்டும் ஒரே இரசாயன மாற்றத்தின் இரு திசைகளே. வேகமே வேறு. உதாரணத் தொட்டியின் முருகைகள் ஓராண்டு முழுவதும் கட்டுவது ஏறத்தாழ 730 கிராம் கல். ஒரு சூளைக்கு அது ஒரு கைப்பிடி. முருகைப்பார் எவ்வளவு மெதுவாகக் கட்டப்படுவது என்பதை அளவுக் குழாயுடன் நின்ற பொழுதுபோக்காளர் தம் அன்றாடக் கணக்கிலேயே கண்டனர்.

மீண்டும் கடலுக்கு

இவ்வரலாற்றின் இறுதிக் கட்டம் தொட்டியில் அன்றிக் கடலிலேயே நிகழ்ந்தது. 1970களிலிருந்து ஆய்வாளர் முருகைப்பாரின் மேலாக ஓடும் நீரின் காரத்தன்மையை முன்னும் பின்னும் அளந்து, அப்பார் எவ்வளவு கல்லைக் கட்டியது என்பதைக் கணித்து வந்துள்ளனர். வீட்டுத் தொட்டிக்காரர் செய்வதும் இதே கணக்கே. இதற்கிடையில் வளிமண்டலக் காபனீரொட்சைட்டைக் கடல் உறிஞ்சுவதால் கைத்தொழிற் காலத்துக்கு முன் இருந்ததைவிட மேற்பரப்பு நீரின் பீஎச் ஏறத்தாழ 0.1 குறைந்துவிட்டது. காபனேற்று அயன்கள் குறைகின்றன. முருகைக்குக் கூடு கட்டுதல் கடினமாகின்றது.

2014ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரிலுள்ள வன் றீ தீவில் றெபேக்கா ஒல்பிறைற், கென் கல்டெய்றா முதலியோர் இயற்கையான பாரொன்றின் மேல் ஓடும் நீருக்குச் சோடியமைதரொட்சைட்டைச் சேர்த்து, அதன் இரசாயன நிலையைக் கைத்தொழிற் காலத்துக்கு முந்திய நிலையை நோக்கி உயர்த்தினர். பாரின் சுண்ணாம்புப் படிவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. 2016ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, கடல் ஏற்கெனவே இழந்துவிட்டதை எண்ணாற் காட்டியது. கண்ணாடித் தொட்டிக்கு அளவு கணித்துச் சேர்க்கும் முறையே இங்கே திறந்த கடலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆனால் ஒரு சிறு பாரின் மேல் ஓடும் நீருக்கு இயன்றது உலகக் கடல்களுக்கு இயல்வதன்று. அவ்வளவு புட்டிகளும் அவ்வளவு கைகளும் உலகில் இல்லை.

வாரிங்டனின் தலைமுறை, கலத்தைக் கடலின் சிறு வடிவமாகக் கண்டது. கடல் தன்னைத் தானே சமன்செய்வதால் கலமும் அவ்வாறே செய்யும் என நம்பியது. அந்நம்பிக்கையைச் சுண்ணாம்பின் கணக்கு தகர்த்தது. இன்று உவமை தலைகீழாகிவிட்டது. கடலே ஒரு கலமெனக் காணப்படுகின்றது. அதனுள் இடுவதும் அதிலிருந்து எடுப்பதும் கணக்கில் விழுகின்றன. கலத்தில் இழந்ததை வளர்ப்பவர் ஓர் இலீற்றர் சுண்ணாம்பு நீரால் ஈடுசெய்ய முடியும். கடலுக்கு அவ்வாறு ஈடுசெய்வோர் எவருமிலர். கொடுக்க இயலாதபோது குறைவாக எடுப்பதே கணக்கறிந்தோர் செய்யத்தக்கது என்பதே, நூற்றெழுபது ஆண்டுக் கண்ணாடித் தொட்டியின் வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.